மேடேக் மாஸ்டர் ரிங்கர் மெஷினை மறுபடி ஓட வைத்தல்

வேலைக்கு எடுத்திருப்பது மேடேக் மாஸ்டர், மாடல் இ. வார்ப்பு அலுமினியத்தில் சதுர டப், நான்கு கால்கள், அடியில் உருளும் சக்கரங்கள், டப்பை ஒட்டி நிற்கும் கம்பத்தின் மேல் ரிங்கர். இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே துணியை விட்டுத் தண்ணீரைப் பிழியும் தலைப்பகுதிதான் ரிங்கர். கரும்புச்சாறு மெஷினைப் பார்த்தவர்களுக்கு அதன் வேலை உடனே பிடிபடும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற சிறு நகரத்தில் செய்தது. 1893இல் விவசாயக் கருவிகளோடு தொடங்கிய நிறுவனம், 1907இல் முதல் சலவை மெஷினை விற்றது. துணியை அலைத்துத் துவைக்கும் துடுப்பான அஜிடேட்டரை டப்பின் அடியில் வைத்த மாடல் 1922இல் வந்ததும் அந்தத் தொழிலில் முன்னுக்கு வந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் மெஷின்கள் வீடுகளை நிறைத்த பிறகும் ரிங்கர் மெஷின் தயாரிப்பு 1983 வரை நின்றபாடில்லை.

அவ்வளவு காலம் ஓடியதால்தான் இன்று இதைப் பழுதுபார்க்க முடிகிறது. பொது மின் இணைப்பை ஏற்காத ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஒஹாயோ, பென்சில்வேனியா பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் பல குடும்பங்கள் இன்றும் இதில்தான் துவைக்கின்றன. மின்மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சிறிய பெட்ரோல் எஞ்சினையோ காற்றழுத்த மோட்டாரையோ மாட்டிக்கொள்கிறார்கள். துவைப்பவர்கள் இருப்பதால் கசிவை அடைக்கும் சீலும் கேஸ்கெட்டும் உருளையும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அரிதாகக் கிடைப்பது, தொழிற்சாலையிலேயே பெட்ரோல் எஞ்சினோடு வந்த மெஷின். 1935இல் கிராம மின்மயத் திட்டம் தொடங்கும்வரை பெரும்பாலான அமெரிக்கப் பண்ணை வீடுகளுக்குக் கரண்ட் கிடையாது. அவர்களுக்காகச் செய்தது அது. எஞ்சினைத் தனியாகக் கழற்றி விற்றே பல மெஷின்களைப் பாழாக்கிவிட்டார்கள். எஞ்சினும் டப்பும் சேர்ந்தே கிடைத்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

இந்த வகை மெஷினில் உலோகப் பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே தப்பித்துவிடும். போவது ரப்பர், கிரீஸ், வயர் உறை ஆகிய மூன்றும்தான். உலோகத்தைச் சேதப்படுத்தாமல் இந்த மூன்றையும் மாற்றினால் வேலை முடிந்தது. மெஷின் உடைவது பெரும்பாலும் பழுதுபார்க்கிறவர் சுத்தியல் எடுக்கும் நேரத்தில்தான்.

"ஓடுதான்னு ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று பிளக்கைச் செருகவே கூடாது. பழைய வயரில் துணிப் பின்னலுக்குள் இருக்கும் ரப்பர் உறை மொறுமொறுவென்று உதிர்ந்திருக்கும். மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் வயரை லேசாக வளைத்தாலே செம்பு தெரியும். முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். மோட்டார் தண்டைக் கையால் சுற்றுங்கள், பிறகு கியர்பாக்ஸ் புல்லியைத் தனியாகச் சுற்றுங்கள். எது இறுகியிருக்கிறது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். இந்த மெஷினில் மோட்டார் தாராளமாகச் சுற்றியது. கியர்பாக்ஸ் கனமாக, தேன் கலக்குவது மாதிரி நகர்ந்தது. உள்ளே கிரீஸ் கட்டியாகியிருக்கிறது என்று அதற்குப் பொருள். கியர் பல் உடைந்திருந்தால் சுற்றும்போது ஒரே இடத்தில் தட்டும்.

அடுத்தது அஜிடேட்டர். நல்ல நிலையில் அது மேலே தூக்கினாலே வரவேண்டும். பல வருடம் கழற்றாமல் விட்டால் வராது. சோப்பும் கடின நீரின் கால்சியமும் சேர்ந்த கசடு இடைவெளியில் இறுகிவிடும். எஃகுத் தண்டும் அலுமினிய அஜிடேட்டரும் தொடும் இடத்தில் வெள்ளைத் துருவும் பூத்துவிடும். கீழே கடப்பாறை வைத்து நெம்பினால் டப்பின் அடித்தட்டு விரியும். அந்த விரிசலுக்கு வைத்தியம் கிடையாது. இங்கே உதவுவது வெப்பம். அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அஜிடேட்டரின் தலை மூழ்கக் கொதிநீர் ஊற்றி, 200 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு, 20 நிமிடம் விட்டு வடித்துவிடுங்கள். பிறகு தலைப்பக்கத்தில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். பருத்திக் கயிற்றை அஜிடேட்டரின் பாவாடை விளிம்புக்கு அடியில் இருபுறமும் கொடுத்து, மறுபடி கொதிநீர் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று சமமாக மேலே இழுக்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்தால் கோணலாகி இன்னும் இறுகும். வரவில்லையா, அதையே திரும்பச் செய்யுங்கள். பொறுமையைத் தவிர வேறு கருவி இதற்குத் தேவையில்லை. பேக்லைட் அஜிடேட்டராக இருந்தால் கொதிநீர் வேண்டாம், 60 டிகிரி போதும். பழைய பேக்லைட் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.

கியர்பாக்ஸ் எண்ணெய்தான் இந்த மெஷினின் ஜாதகம். கியர்பாக்ஸின் எண்ணெய் வடிக்கும் திருகுமூடியை மெல்லத் தளர்த்தி, முதலில் சொட்டுவதைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் கனமானது என்பதால் நாள்பட்டுக் கிடந்த மெஷினில் அதுதான் முதலில் வரும், எண்ணெய் பின்னால் வரும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அஜிடேட்டர் தண்டின் சீல் போய், துவைக்கும் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கறுத்திருந்தாலும் தெளிவாக இருந்தால் சீல் இன்னும் பிடிக்கிறது. எண்ணெயை மட்டும் மாற்றினால் போதும், கியர்பாக்ஸைத் திறக்க வேண்டாம். இதில் வந்தது பால் நிறம்தான்.

அதனால் கியர்பாக்ஸைத் திறந்து, மண்ணெண்ணெயில் கழுவி, பிரஷால் தேய்த்து, காற்றடித்துக் காயவிட்டோம். பல் முனைகளில் துருப்புள்ளி இருந்தால் மெல்லிய எண்ணெய்க் கல்லால் தேய்க்கலாம். பல்லின் வடிவம் மாறும் அளவுக்கு வேண்டாம். புது எண்ணெய்க்கு அந்த மாடலின் கையேடு சொல்லும் தரத்தைப் பின்பற்றுங்கள். கையில் இருக்கிறதே என்று லாரி டிஃபரன்ஷியலுக்குப் போடும் ஜிஎல்-5 எண்ணெயை ஊற்ற வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்க்கை சூட்டில் வெண்கலப் புஷ்களை அரிக்கும்.

சீலுக்கு நேரடி உதிரிபாகம் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் தண்டின் விட்டம், உட்காரும் குழியின் விட்டம், கனம் மூன்றையும் வெர்னியரில் அளந்து, அதே அளவில் லிப் சீல் (உதடு போன்ற விளிம்பால் தண்டைப் பிடிக்கும் ரப்பர் வளையம்) கேளுங்கள். உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்பிரிங் சோப்புத் தண்ணீரில் அற்றுவிடும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தண்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் புதுச் சீலும் அங்கே ஒழுகும். சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ உட்கார வையுங்கள், அல்லது தண்டுக்கு மெல்லிய எஃகு உறை ஏற்றுங்கள்.

டப் அடியில் பொருந்தும் நடுத்தட்டின் கேஸ்கெட்டை 3 மில்லிமீட்டர் ஈபிடிஎம் ரப்பர் ஷீட்டில் வெட்டிக்கொள்ளலாம். பழைய கேஸ்கெட்டையே அச்சாக வைத்து, போல்ட் துளைகளைக் குழாய் வடிவத் துளை உளியால் அடித்து எடுங்கள். கத்தரியால் வெட்டிய துளை கிழியும். போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொரு சுற்றிலும் கால் திருப்பு மட்டும் முறுக்க வேண்டும். ரப்பர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம்" என்ற ஆசைதான் அலுமினியத்தைப் பிளக்கிறது.

இறுகிப்போன போல்ட்டுகளுக்கும் அஜிடேட்டருக்குச் சொன்ன கணக்கேதான். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் சமபங்கு கலந்து, குலுக்கி, இரண்டிரண்டு சொட்டாக விடுங்கள். மறுநாள் துடைத்து நன்றாகக் காயவிட்ட பிறகே ஹீட் கன் எடுக்க வேண்டும். அசிட்டோன் ஆவி பற்றிக்கொள்ளும். சூடு காட்ட வேண்டியது அலுமினியத்துக்கு, போல்ட் தலைக்கு அல்ல. பிறகு முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை, அப்புறம் தளர்த்தும் திசையில். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு மரையிலும், பின்னால் இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். துருப்பிடிக்காத போல்ட் போட்டாலும் இது அவசியம், ஈரத்தில் அதுவும் அலுமினியத்தை அரிக்கும்.

டப்பின் உட்புறத்தைப் பாத்திர சோப்பில் கழுவிவிட்டு, லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரை 20 நிமிடம் நிற்கவிட்டால் சோப்புக் கசடு இளகிவிடும். நைலான் நார் போதும். எஃகு நார் வேண்டாம், அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து பின்னால் துருப்புள்ளியாக வெளுத்த துணியில் ஏறும். காஸ்டிக் சோடா, அடுப்பு கிளீனர் எதுவும் டப்பின் பக்கமே வரக்கூடாது. காஸ்டிக் அலுமினியத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், உலோகம் கறுத்துக் குழி விழும். சலவை சோடாவிலும் ஊறப்போடக் கூடாது. தண்ணீர் வெளியேறும் துளையைச் சுற்றிக் குழிகள் இருந்தால் அலுமினியத் தூள் கலந்த எப்பாக்ஸி வைத்து 24 மணி நேரம் விட்டு, 400 நம்பர் தாளில் சமமாக்குங்கள். வெந்நீர் தாங்கும் வகையா என்று டின்னில் பார்த்து வாங்குங்கள்.

வெளிப்புறப் பெயின்ட்டைச் சுரண்டும் முன் ஈயச் சோதனைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்தது 1978இல்தான். ஈயம் இருந்தால் ஈரத்தாளில் மட்டுமே தேய்க்க வேண்டும், கிரைண்டர் கூடாது. டப்பைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக் காட்சிக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து அப்படி அது வெளியே வரவில்லை. பழைய பெயின்ட் பாதிக்குமேல் நின்றால் அதைத் தொடாமல் மெழுகு தடவி விடுவதே சரி. எண் தகட்டையும் அப்படியே விடுங்கள்.

மோட்டார் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், ஸ்பிளிட் ஃபேஸ் வகை. பழைய வயரை முழுதாகக் கழற்றிவிட்டு, மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரால் வைண்டிங்குக்கும் (மோட்டாரின் செம்புச் சுருள்) பாடிக்கும் நடுவே அளந்தால் 2 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் மோட்டார் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம், பெரும்பாலும் அது ஈரம். மூடிய மரப்பெட்டியில் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு ஒரு இரவு வைத்தால் ஏறிவிடும். ஏறவே இல்லையென்றால் ரீவைண்டிங்தான்.

"ஊம்" என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்பது இந்த மோட்டாரில் அடிக்கடி வரும் நோய். பெரும்பாலும் காரணம் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச். மோட்டாரைக் கிளப்பிவிட மட்டும் உள்ள சுருள் ஸ்டார்ட் வைண்டிங். வேகம் முக்கால்வாசி வந்ததும் அதைத் துண்டிக்க வேண்டியது இந்த சுவிட்ச். சுவிட்சின் முனைகள் கருகியிருந்தால் ஸ்டார்ட் வைண்டிங்குக்குக் கரண்ட் போகாது, ஒட்டிக்கொண்டால் துண்டிக்காது. இரண்டாவது மோசம், ஒரு நிமிடத்துக்குள் வைண்டிங் கருகிவிடும். 400 நம்பர் சிலிக்கன் கார்பைடு தாளை மடித்து முனைகளுக்கு நடுவே இழுத்து, ஸ்பிரிட்டில் துடையுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் தூள் கரண்ட் கடத்தும். முதல் முறை ஓட விடும்போது, வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பாருங்கள்: ஏறிய ஆம்பியர் ஒரு நொடிக்குள் சடாரென்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். புஷ் பேரிங்குகளின் எண்ணெய்க் குழிக்கு எஸ்ஏஇ 20 டிடர்ஜென்ட் இல்லாத எண்ணெய் பக்கத்துக்குப் பத்துச் சொட்டு. துரு நீக்கும் ஸ்பிரே அங்கே எண்ணெய்க்கு மாற்றாகாது, உள்ளே இருக்கும் எண்ணெயையும் அது கழுவிவிடும்.

புது வயர் மூன்று கோர், 1.5 சதுர மில்லிமீட்டர், ரப்பர் உறை. பழைய மெஷின்கள் இரண்டு முள் பிளக்கோடுதான் வந்தன. ஈரத்தரையில் நின்று அலுமினிய டப்பில் கைவிடும் மெஷினுக்கு எர்த் இல்லாமல் இருப்பது ஆபத்து. மோட்டார் பாடி, சட்டம் இரண்டிலும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, நட்சத்திர வாஷரோடு எர்த் வயரைப் பூட்டுங்கள். பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து டப்புக்கு அரை ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அதோடு கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் உள்ள பாயின்ட்டில் மட்டுமே ஓட்டுங்கள்: அமெரிக்காவில் 5 மில்லி ஆம்பியர் ஜிஎஃப்சிஐ, நம் ஊரில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி.

நம் ஊருக்குக் கொண்டுவருபவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 230 வோல்ட்டை 115 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதன் இரும்புக் கருவில் காந்தப்புலம் தாங்கும் அளவை மீறி, மோட்டார் சூடேறும். வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். 115 ஐ 60 ஆல் வகுத்து 50 ஆல் பெருக்கினால் 96 வோல்ட். ஜப்பான் சாதனங்களுக்கு விற்கும் 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கிட்டத்தட்ட அதற்குப் பொருந்தும். வேகம் 1725 சுற்றிலிருந்து சுமார் 1440க்கு இறங்கும், அஜிடேட்டர் நிதானமாக ஆடும். தினமும் துவைக்கத்தான் போகிறீர்கள் என்றால் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மோட்டார் ஒன்றை மாட்டி, அதன் புல்லியை 20 சதவீதம் பெரிதாக்கி, பழைய மோட்டாரைப் பத்திரமாக எடுத்துவைப்பது நல்லது. புது மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பழையதைக் கழற்றும் முன்பே அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். தலைகீழாகச் சுற்றினால் ரிங்கர் துணியை எதிர்ப்பக்கம் தள்ளும்.

பெல்ட் வாங்கும்போது குழப்பம் வரும். அமெரிக்க 4எல் பெல்ட்டும் இங்கே கிடைக்கும் ஏ செக்‌ஷன் பெல்ட்டும் ஒரே அரை அங்குல அகலம்தான். 4எல் எண் வெளிச்சுற்று நீளத்தைச் சொல்கிறது, ஏ எண் உட்சுற்று நீளத்தை. வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு அங்குலம். 4எல்380 என்று எழுதியிருந்தால் ஏ36 கேளுங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சரியான இறுக்கம்.

இனி ரிங்கர். அதிக நேரம் எடுக்கும் பகுதி இதுதான், எடுத்தே ஆகவேண்டும். ரிங்கரில் கை சிக்கிய குழந்தைகளின் காயங்களைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழில் 1938லேயே கட்டுரை வந்தது. அந்த அளவுக்கு அது வழக்கமான விபத்து. கை உள்ளே போனால் உருளை நிற்காது, முழங்கைவரை இழுத்துக்கொண்டு, கை அங்கே தடைபட்டதும் சுற்றிக்கொண்டே தோலை அரைக்கும். அதனால் தட்டினால் உருளைகளின் அழுத்தத்தை விலக்கும் அவசர விடுவிப்புப் பட்டை வேலை செய்யாத மெஷின் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட விடக்கூடாது.

தலைப்பகுதியைத் திறந்தால் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். விடுவிப்புப் பட்டை நகராததற்குக் காரணம் அதுவே. மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்பிரிங்குகள் எந்தக் குழியிலிருந்து வந்தன என்று படமெடுத்து வைத்து, லித்தியம் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவிப் பூட்டுங்கள். கிரீஸ் அதிகமானால் உருளைக்குச் சொட்டும், சட்டையில் ஏறும். பூட்டியதும் பெரிய துண்டை நான்காக மடித்து உள்ளே விட்டு, பாதி போகும்போது பட்டையை ஒரு கையின் உள்ளங்கையால் தட்டுங்கள். அழுத்தம் முழுதாக விலகி, துண்டை இரண்டு விரலால் உருவ முடிய வேண்டும். இரண்டு கை தேவைப்பட்டால் திரும்பத் திறங்கள். இதைக் குறைந்தது பத்துமுறை செய்து பார்த்த பிறகே தலைப்பகுதிக்கு மூடி போடலாம்.

உருளைகளின் நிலையை நகத்தால் அறியலாம். நகம் பதிந்து உடனே மேலெழுந்தால் ரப்பர் உயிரோடிருக்கிறது. மேல்பரப்பு மட்டும் பளபளத்திருந்தால் 120 நம்பர் தாளில் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் போதும். பதியவே இல்லை, அல்லது வெடிப்பு இருக்கிறது என்றால் ரப்பரை உரித்துப் புதிது ஏற்ற வேண்டும். கெட்டியான உருளை தண்ணீரைப் பிழியாது, பட்டனை உடைக்கும். இந்த வேலைக்கு அச்சக உருளைகளுக்கு ரப்பர் ஏற்றும் பட்டறைதான் சரியான இடம். அமெரிக்காவிலும் உண்டு, அச்சுத்தொழில் நிறைந்த சிவகாசிப் பக்கமும் விசாரிக்கலாம். அவர்கள் வழக்கமாக ஏற்றுவது மையெண்ணெய் தாங்கும் நைட்ரைல். நமக்கு வேண்டியது வெந்நீரும் சோப்பும் தாங்கும் ஈபிடிஎம். அதைத் தெளிவாகக் கேளுங்கள். கடினம் ஷோர் ஏ கணக்கில் 40க்கும் 50க்கும் நடுவே, நிறம் வெள்ளை அல்லது வெளிர்சாம்பல். கறுப்பு ரப்பர் துணியில் கோடு போடும். வெளிவிட்டத்தைப் பழைய உருளையின் ஓரத்தில், தேயாத இடத்தில் அளந்து கொடுங்கள். நடுவில் அளந்தால் தேய்ந்த அளவைத்தான் திரும்பப் பெறுவீர்கள். இரண்டு உருளையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது படிப்படியாக. பெல்ட் இல்லாமல் மோட்டார் பத்து நிமிடம், பிறகு பெல்ட்டோடு அஜிடேட்டர் தண்ணீரில்லாமல் ஓரிரு நிமிடம், பிறகு பாதி டப் குளிர்ந்த நீர், கடைசியில் முழு டப் வெந்நீர். மெஷினுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தால் எந்த இடத்தில் சொட்டு விழுகிறது என்று துல்லியமாகத் தெரியும். நடுவில் விழுந்தால் சீலோ கேஸ்கெட்டோ, ஓரத்தில் விழுந்தால் வடிகுழாய். அஜிடேட்டர் திசை மாறும் ஒவ்வொரு முறையும் "டொக்" என்று கேட்டால் பல்லில் தளர்வு. சத்தம் மெல்லியதாக, சீராக இருந்தால் விட்டுவிடலாம், நாளுக்கு நாள் ஏறினால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும்.

துவைக்கும்போது ஒரே தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு வண்ணம், கடைசியில் வயல்வேலைத் துணி. அமெரிக்கப் பண்ணை வீடுகளில் இதுதான் வரிசை. அலசும் தொட்டிக்கு மேலே ரிங்கரைத் திருப்பிப் பூட்டிக்கொள்ளலாம். பட்டனை உள்பக்கம் மடித்து, ஜிப்பை மூடி, துணியை அகலமாக விரித்து விடுங்கள். உருண்டையாக விட்டால் அழுத்தம் ஒரே இடத்தில் விழுந்து உருளை சீக்கிரம் தேயும். தளர்ந்த சட்டைக்கை, வளையல், அவிழ்த்த கூந்தல் எதுவும் ரிங்கர் அருகே வேண்டாம். குழந்தைகள் இருக்கும் அறையில் ரிங்கரை ஓட்டக்கூடாது.

வேலை முடிந்ததும் உருளைகளின் அழுத்தத்தை விடுவித்துவிட்டுத்தான் மெஷினை ஓரங்கட்ட வேண்டும். அழுத்தத்திலேயே விட்டால் ரப்பரில் தட்டையான பட்டை விழும், அடுத்த முறை ஒவ்வொரு சுற்றிலும் துணி குதிக்கும். அஜிடேட்டரைக் கழற்றி, தண்டைத் துடைத்து, நீர் தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு தடவி வையுங்கள். வடிகுழாயைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் நீளமாக விடுங்கள், மூடி போட வேண்டாம். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் பெல்ட்டையும் தளர்த்திவிடுங்கள்.